சதாமும் அல்கொய்தாவும்: பயங்கரவாதத் தொடர்புக் குற்றச்சாட்டை எடைபோடுவது எப்படி?

போர் நெருங்கும் வேளையில் ஓர் அரசு அயல்நாட்டுப் பயங்கரவாதக் குழுக்களுக்குத் துணைநிற்கிறது என்று குற்றம் சாட்டப்பட்டால், எந்தக் குழு, எந்த அளவிலான உறவு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆட்களைச் சந்திப்பது, புகலிடம் தருவது, பணம் கொடுப்பது, பயிற்சியளிப்பது, தாக்குதலைச் சேர்ந்து திட்டமிடுவது ஆகியவை தனித்தனிக் குற்றச்சாட்டுகள். ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றொன்றை மெய்ப்பிக்காது. அல்கொய்தா உள்ளிட்ட குழுக்களுக்குத் துணைநிற்பதாக சதாம் உசேனின் இராக் மீது, அமெரிக்கா தலைமையிலான 2003 படையெடுப்புக்கு முன் சாட்டப்பட்டவற்றைப் பின்னர் பல விசாரணைகள் அலசிவிட்டதால், இந்த முறையைப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான வழக்கு இல்லை.

பாலஸ்தீனத் தீவிரவாதி அபு நிடால் பாக்தாத்தில் தங்கியிருந்து 2002 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். தற்கொலைத் தாக்குதல் நடத்திய பாலஸ்தீனர்களின் குடும்பங்களுக்கு இராக் அரசு பணம் கொடுத்தது. இவை உறுதியானவை, கடுமையானவையும்கூட. ஆனால் அல்கொய்தாவைப் பற்றி இவை எதையும் சொல்லவில்லை.

அடுத்து, தகவல் யார் வாயிலிருந்து, எந்த நிலையில் வந்தது என்று கேட்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் பேசிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், இரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சியை இராக் அல்கொய்தாவுக்கு அளித்ததாகப் பிடிபட்ட மூத்த பயங்கரவாதி ஒருவர் சொன்னதாகக் கூறினார். பெயர் சொல்லப்படாத அந்தக் கைதி இப்னு அல் ஷேக் அல் லிபி. எகிப்துக்கு அனுப்பப்பட்டு அங்கே விசாரிக்கப்பட்டவர். அவர் விசாரிப்பவர்களை வேண்டுமென்றே திசைதிருப்பியிருக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உளவு அமைப்பே 2002 பிப்ரவரியில் குறிப்பு எழுதியிருந்தது. 2004இல் அவர் தம் கூற்றை மறுத்து, கொடுமை தாங்காமல் சொன்னதாகத் தெரிவித்தார், சி.ஐ.ஏ. அந்தத் தகவல்களைத் திரும்பப் பெற்றது. ஆட்சியாளரின் உரையில் பெயரற்ற கைதி ஒருவர் சாட்சியாக வரும்போதெல்லாம், அவரைப் பற்றி அந்த அரசின் உளவுத்துறை உள்ளுக்குள் என்ன எழுதியது என்று தேடிப் பார்ப்பது பயன் தரும்.

நாளையும் இடத்தையும் ஒத்துப்பார்ப்பது எளிய வேலை, ஆனால் பலரும் அதைச் செய்வதில்லை. செப்டம்பர் 11 தாக்குதலை முன்னின்று நடத்திய முகமது அட்டா, 2001 ஏப்ரல் 9 அன்று பிராக் நகரில் இராக் தூதரக அதிகாரி ஒருவரைச் சந்தித்தார் என்ற செய்தி ஒரே ஒரு தகவலாளியை நம்பி எழுந்தது. ஏப்ரல் 4 அன்று வர்ஜீனியாவில் ஒரு வங்கியின் கேமராவில் அவர் பதிவாகியிருந்தார். 11ஆம் தேதி புளோரிடாவில் இருந்தார். இடைப்பட்ட நாட்களில் அவருடைய கைபேசியும் புளோரிடாவில் பயன்பட்டது. அழைத்தவர் அவர்தானா என்று உறுதிசெய்ய முடியாது என்பதையும் செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க விசாரணை ஆணையம் சேர்த்தே எழுதியது. நேர்மையான மதிப்பீடு இப்படித்தான் இருக்கும்.

நிலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அல்கொய்தாவுடன் தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட அன்சார் அல் இஸ்லாம் என்ற தீவிரவாதக் குழு இராக்கில் இருந்தது உண்மை, ஆனால் பாக்தாத்தின் ஆளுகைக்கு வெளியே இருந்த வடகிழக்குக் குர்துப் பகுதியில். அல்கொய்தாவுடன் தொடர்புபடுத்தப்பட்ட ஜோர்தானியத் தீவிரவாதி சர்காவி பாக்தாத்துக்கே வந்துபோனவர் என்றாலும், அவரைப் பிடிக்க சதாம் அரசு முயன்று தோற்றதாக அமெரிக்க செனட் உளவுக் குழு 2006இல் முடிவுசெய்தது.

இவ்வளவுக்குப் பிறகு தொடர்பே இல்லை என்று எழுதிவிடுவதும் தவறு. 1990களில் சூடானில் இராக் உளவு அதிகாரி அல்கொய்தா தலைவர் பின் லாடனைச் சந்தித்ததையும், பின் லாடன் பயிற்சி முகாமுக்கு இடமும் ஆயுத உதவியும் கேட்டதையும், இராக் அதற்கு இசைந்ததற்குச் சான்றில்லை என்பதையும் அதே செப்டம்பர் 11 விசாரணை ஆணையம் 2004இல் பதிவுசெய்தது. ஆகவே உங்கள் முடிவில் சந்திப்பு நடந்தது என்று ஒரு வரியும், கூட்டுச் செயல்பாட்டுக்குச் சான்றில்லை என்று மற்றொரு வரியும் தனித்தனியே இடம்பெற வேண்டும்.