ஹவாயில் மலிவான ஊர் தேடியபோது: என் அனுபவம்

ஹொனலுலுவிலும் மாவியிலும் வீட்டு விலை எட்டவில்லை. ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய் தீவின் பூனா வட்டாரத்தில் மலிவுதான், ஆனால் பார்த்த வீடெல்லாம் காப்பீட்டில் போய் முட்டியது. நாலு நாள் வீண்.

விளம்பரத்தில் ஊர்ப்பெயர்தான் இருக்கும். பார்க்க வேண்டியது எரிமலைக்குழம்பு அபாய மண்டல எண், 1 முதல் 9 வரை. 1, 2 என்றால் காப்பீடு கிடைப்பதே கஷ்டம்; கிடைத்தாலும் மிச்சமானதெல்லாம் பிரீமியத்தில் கரைந்துவிடும். 2018இல் குழம்பு புகுந்த லெய்லானி எஸ்டேட்ஸ் மண்டலம் 1. மனையின் நிலவரி எண்ணை வைத்து மண்டல வரைபடத்தில் தேடியதும் வழி பிறந்தது: ஹீலோ, கெயாவ் பக்கம் பெரும்பாலும் 3.

அடுத்தது தண்ணீர். பூனாவில் பல வீடுகளுக்குக் குழாய் இணைப்பே கிடையாது, கூரை மழைநீர்த் தொட்டிதான். வடிகட்டியோடு இருக்கும் புற ஊதா விளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் சுமார் ஒரு வருடத்தில் கிருமியைக் கொல்லும் வீரியம் குறைந்துவிடும்.