மனோகர் கசற்றைக் கைபேசிக்கு மாற்றுவது

சிலோன் மனோகர் என்கிற ஏ. ஈ. மனோகரனின் பிரபல பொப் பாடல்களைத் தொகுத்த கசற் ஒன்று கல்லடியில் எங்கள் அலுமாரிக்குள் கிடந்தது. கடற்காற்றில் அதன் திருகாணிகள்கூடத் துருப்பிடித்திருந்தன.

முதலில் நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள், ரெக்கோடருக்கும் தொற்றும். சில்லுக்குள் பென்சிலைச் செருகிச் சுற்றித் தொய்வை எடுங்கள். பிறகு ரெக்கோடரில் நாடா உரசிச் செல்லும், ஒலியை வாசிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். எனக்கு முதல் இரண்டு குச்சிகளும் மண்ணிறமாக வந்தன. மூன்றாவதுதான் வெள்ளையாக மிஞ்சியது. சோம்பலில் இதை விட்டால் ‘சுராங்கனி’ போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும்.

ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு ஒரு வயர். பதிவுசெய்ய இலவச ஓடாசிட்டி மென்பொருள் போதும். திரையில் ஒலிமட்டம் காட்டும் பட்டை சிவப்பைத் தொடக் கூடாது. 60 நிமிடக் கசற் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் நான் மீன்குழம்பு வைத்து இறக்கிவிட்டேன்.

பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டி, கைபேசிக்கு எம்பி3 ஆக்குங்கள். மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். இரைச்சலை முழுதாக நீக்கப் பார்க்காதீர்கள். தாளத்தின் கூர்மையும் அதோடு போய்விடும்.