கேரவனில் கம்பளத்தை அகற்றி வினைல் பதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தரையில் வினைல் எனப்படும் பிளாஸ்டிக் தரைவிரிப்பைப் பதித்த கைப்பழக்கத்தை, கேரவன் என்னும் நடமாடும் வீட்டு வண்டிக்குள் அப்படியே கொண்டு செல்வதே பல தவறுகளுக்கு வேராக இருக்கிறது. வீட்டுத் தரை அசைவதில்லை. கேரவனின் தரையோ ஓட்டத்தில் அதிர்கிறது, நிறுத்தி வைத்திருக்கும் மாதங்களில் கடும் வெயிலையும் உறைபனியையும் மாறி மாறித் தாங்குகிறது.

வினைல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறினால், ஒட்டப்படாத 3 மீட்டர் மென்வினைல் ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீளவோ குறுகவோ கூடும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வினைல் பலகைகளைப் பசையின்றிப் பரப்பிவிட்டு, அவற்றின் மீதே அலமாரியையும் மேசைக் காலையும் திருகாணியால் இறுக்கினால், நகர இடமில்லாத பலகைகள் கோடையில் மேடாக எழும்பும், குளிரில் பூட்டு விட்டுப் பிளக்கும். கற்பொடி கலந்த கெட்டிப் பலகை குறைவாகவே விரியும் என்பது உண்மைதான். ஆனால் 5 மில்லிமீட்டர் தடிமனில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ளது. 12 சதுர மீட்டருக்கு 120 கிலோ ஆகிவிடும். அந்தச் சுமையை வண்டியின் எடை வரம்பிலிருந்துதான் கழிக்க வேண்டும். முழுப்பரப்பிலும் ஒட்டப்படும் 2 மில்லிமீட்டர் வினைலே கேரவனுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

ஸ்லைடு அவுட் எனப்படும், பக்கவாட்டில் வெளியே நீளும் பகுதி உள்ள வண்டியில், தடிமனை அளக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. கம்பளம் அமுங்கி இடம் கொடுக்கும், வினைல் கொடுக்காது. அந்தப் பகுதி உள்ளே வரும்போது அதன் உருளைகளோ கீழ் விளிம்போ புதிய தரையைக் கீறிக் கிழித்துவிடும். அதன் அடியில் செருகப்பட்டுள்ள கம்பளத்தைப் பலங்கொண்டு இழுப்பதும் ஆபத்து. எட்டும் இடம்வரை கத்தியால் வெட்டிவிட்டு, எஞ்சியதை அப்படியே விட்டுவிடுவது பெரும்பாலும் போதுமானது.

கம்பளத்தை எடுத்த அன்றே வினைலை ஒட்டிவிடும் அவசரம் இன்னொரு தவறு. கதவோரம், கழிப்பறை, கழுவுதொட்டி ஆகியவற்றைச் சுற்றியுள்ள பிளைவுட்டைத் திருப்புளியால் குத்திப் பார்த்தால், ஊறி மெத்தென்றான இடம் தெரிந்துவிடும். ஒழுகும் இடத்தை அடைத்து, பலகையை உலர்த்தி அல்லது மாற்றிய பிறகே மூட வேண்டும், ஏனெனில் கம்பளத்தின் வழியே ஓரளவாவது வெளியேறிய ஈரம் வினைலுக்கு அடியில் சிறைப்பட்டு மரத்தை அழுகச் செய்யும். கம்பளத்தை இறுக்கியிருந்த, ஸ்டேப்பிள் எனப்படும் கம்பி ஊசிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பிடுங்குவது சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் விட்டுவைத்த ஒவ்வொன்றும் மெல்லிய வினைலில் புடைத்துத் தெரியும்.

கசியும் சமையல் வாயு வெளியேறுவதற்காகத் தரையில் விடப்பட்டுள்ள துளைகளை அழகுக்காகக்கூட மூடக் கூடாது. புதிய தரையின் மீது ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியையும் போட வேண்டாம். ரப்பரிலுள்ள வேதிப்பொருள் வினைலில் ஏற்படுத்தும் மஞ்சள் கறை எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது.