நாகர்கோவிலுக்கு எத்தனை எழுத்து? பிஎச்பி-யில் தமிழ் உரையைச் சுத்தம் செய்யும் முறை

மார்த்தாண்டத்தில் ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு ஓர் ஆர்டர் படிவம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஊர், பின்கோடு, போன், விலை என்று நாலு கட்டங்கள். "தோவாளை" என்று தேடினால் பாதி ஆர்டர் வருகிறது, மீதி வரவில்லை. திரையில் எல்லாமே ஒரே தோவாளைதான். கோளாறு பெரும்பாலும் டேட்டாபேஸில் இல்லை, உள்ளே வந்த உரையில் இருக்கிறது.

(ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறோம். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். $ஊர் என்ற வேரியபிளை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பிஎச்பி ஏற்கும்.)

1. முதலில் எண்ணிப் பாருங்கள்

"நாகர்கோவில்" என்பதை ஸ்ட்ர்லென்-இல் கொடுத்தால் 33 வரும். அது பைட் கணக்கு. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். எம்பி_ஸ்ட்ர்லென் 11 என்னும்: துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். கிராஃபீம்_ஸ்ட்ர்லென் மட்டுமே நாம் எண்ணுகிறபடி 6 தரும்.

பெயரைச் சுருக்கும்போது இந்த வேறுபாடு கடிக்கும். சப்ஸ்டர்-இல் 10 பைட் வெட்டினால் "நாக"வுக்குப் பின் உடைந்த குறி நிற்கும். எம்பி_சப்ஸ்டர்-இல் 4 கொடுத்தால் புள்ளி போய் "நாகர" ஆகிவிடும். கிராஃபீம்_சப்ஸ்டர்-இல் 3 கொடுங்கள், "நாகர்" முழுதாக வரும். இதற்கு இன்டல் எக்ஸ்டென்ஷன் (பிஎச்பி-யின் கூடுதல் தொகுதி) தேவை. மலிவான ஹோஸ்டிங்கில் சில நேரம் அணைத்து வைத்திருப்பார்கள்.

2. தவறான குறிகளைத் திருத்துங்கள்

எம்பி_செக்_என்கோடிங் கொண்டு உரை சரியான யூடிஎஃப்-8தானா என்று பார்த்துவிட்டு இதைத் தொடங்குங்கள். தமிழில் அதிகம் காணும் பிழை, "ர்" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்த "ா்". கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உயிர்க்குறிக்கு மேல் புள்ளி தமிழில் வராது என்பதால் தயங்காமல் மாற்றலாம்:

$ஊர் = ஸ்ட்ர்_ரீப்ளேஸ்('ா்', 'ர்', $ஊர்);

இதையே "ோ்" இருந்தால் "ேர்" என்றும், "ொ்" இருந்தால் "ெர்" என்றும் இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். "சேர்ந்த" என்பது "சோ்ந்த" ஆகிக் கிடப்பதை இணையத்தில் எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். ஏகாரக் கொம்பும் துணைக்காலும் ஒட்டிக்கொண்டு ஓகாரமாகிவிட்டதுதான் காரணம்.

3. பிறகுதான் நார்மலைஸ்

"தோ"வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: த, ோ என்று இரண்டு குறிகள்; அல்லது த, ே, ா என்று மூன்று. தோவாளை முதல் விதத்தில் 18 பைட், இரண்டாவதில் 21. தேடலில் இவை வெவ்வேறு சொற்கள். நார்மலைசர் வகுப்பின் நார்மலைஸ், என்எஃப்சி (சேரக்கூடிய குறிகளைச் சேர்த்து வைக்கும்) வடிவத்தில், இரண்டையும் ஒன்றாக்கும். இதைப் படி 2-க்கு முன் ஓட்டினால், அங்கே சொன்ன ஒட்டும் வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள். "கௌ"வை ளகரம் போட்டு அடித்த "கெள"வை இது தொடாது. அதற்குத் தானியங்கி மருந்து இல்லை, ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

4. இடைவெளிகள்

ட்ரிம் சாதாரண இடைவெளி, டேப், வரிமுறிவு போன்றவற்றையே நீக்கும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியதில் வரும் உடையா இடைவெளி அப்படியே நிற்கும். ஆகவே ப்ரெக்_ரீப்ளேஸ்-இல் யு கொடியுடன் எல்லா இடைவெளியையும் ஒற்றை இடைவெளியாக்கி, அதன்பின் ட்ரிம் செய்யுங்கள். யூடிஎஃப்-8 உடைந்திருந்தால் இந்த ஃபங்ஷன் சத்தமில்லாமல் 'நல்' என்ற வெற்று மதிப்பைத் தரும். பெயரே காணாமல் போகும்.

அகலமில்லாத இணைப்பியை (எழுத்துகளை இணைக்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) மொத்தமாக அழிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. குமரி மாவட்டத்தில் அது வேண்டாம். விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் பெயர் எழுதுவோர் உண்டு. பழைய முறையில் சேமித்த சில்லு எழுத்துகள் (உயிர் சேராத மெய்களின் தனி வடிவங்கள்) அந்த இணைப்பியை நம்பித்தான் நிற்கின்றன.

5. எண்ணாக மாற்றுதல்

"1,250"-ஐ நேரே இன்ட் (முழு எண்) ஆக்கினால் 1 வரும். "₹1250" என்றால் 0. இலக்கமும் புள்ளியும் தவிர மற்றதை நீக்கலாமே என்று தோன்றும், "ரூ.1250" அப்போது ".1250" ஆகி, குலை விலை 12.5 பைசாவாக இறங்கிவிடும். முதலில் "ரூ.", "ரூ", "₹", காற்புள்ளி, இடைவெளி ஆகியவற்றைப் பெயர் சொல்லி நீக்குங்கள். பிறகு இஸ்_நியூமெரிக் சோதனை, அதன்பின் ஃப்ளோட் (தசம எண்). பைசாவாகச் சேமிப்பதானால் 100-ஆல் பெருக்கி ரவுண்ட் செய்தபின் இன்ட் ஆக்குங்கள். ரவுண்ட் இல்லாவிட்டால் 19.99 ரூபாய் 1998 பைசாவாகும்.

போனையும் பின்கோடையும் எண்ணாக்கவே கூடாது. நாகர்கோவில் எஸ்டிடி கோடு 04652, எண்ணாக்கினால் 4652. பின்கோடைச் சிலர் "629 001" என்று இடம்விட்டு எழுதுவார்கள். இடைவெளியை நீக்கி, 6 இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, உரையாகவே வையுங்கள்.

6. காட்டும்போது மட்டும்

& போன்ற குறிகளை எச்டிஎம்எல்-க்கு ஏற்ப மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், பக்கத்தில் அச்சிடும் வரியில் இருக்கட்டும். சேமிக்கும்போதும் ஒருமுறை போட்டால் "மணி & சன்ஸ்" என்ற கடைப்பெயரில் & இருந்த இடத்தில் குப்பை எழுத்துகள் தெரியும்.