தண்ணிய நிலத்துல விடுற யூனிட்டுக்கு போர்டு இன்ஸ்பெக்‌ஷன்: எப்படி ரெடியா இருக்கணும்

சேகோ ஃபேக்டரி, ரைஸ் மில்லு மாதிரி கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணி தோப்புக்கோ வயலுக்கோ பாய்ச்ச கன்சென்ட் (மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி) வாங்கியிருக்குற யூனிட்டுல ஈ.டி.பி. (கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்) பாத்துக்குறவங்களுக்காக இத எழுதுறேன். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து ஆபீசர் சொல்லிட்டுதான் வரணும்னு இல்ல, 1974 தண்ணீர் சட்டம் 23வது பிரிவுப்படி நேரா உள்ள வந்து பிளான்ட், ரெக்கார்டு எல்லாம் பாக்கலாம், அதனால முந்தின நாள் கூட்டிப் பெருக்கி சுண்ணாம்பு அடிக்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாது.

மொதல்ல கன்சென்ட் ஆர்டர கையில எடுத்துக்கிட்டு பிளான்ட்ட ஒரு சுத்து நடங்க. ஒரு நாளைக்கு எத்தனை கே.எல்.டி. (ஒரு கே.எல்.டி.ன்னா நாளைக்கு ஆயிரம் லிட்டர்), எங்க விடணும்னு அதுல போட்டிருக்கும், நேர்ல அப்படித்தான் இருக்கான்னு பாருங்க. சுத்தம் பண்ணாமலே தண்ணிய வெளிய விடுற பழைய பைபாஸ் லைன் எங்கயாவது மிச்சம் இருந்தா வால்வ மூடி வச்சா போதாது, வெட்டி எடுத்து அடைச்சிடுங்க, அத பாத்ததும் ஆபீசருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும்.

அடுத்து மீட்டரு. உள்ள வர்ற தண்ணி, ஈ.டி.பி.க்கு போறது, தோப்புக்கு போறது, ஈ.டி.பி.யோட கரண்ட் ரீடிங், இது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகணும். ஏரேட்டர் (தண்ணிக்குள்ள காத்து ஏத்துற மோட்டார்) ராத்திரி பகலா ஓடுச்சுன்னு லாக் புக்ல எழுதிட்டு கரண்ட் மீட்டர் நகரவே இல்லன்னா அங்கயே மாட்டிப்பீங்க. மோட்டார் ரிப்பேர்னா ரிப்பேர்னே எழுதுங்க, தேதி போட்டு, என்னைக்கு சரி பண்ணீங்கன்னும் எழுதுங்க.

இப்ப முக்கியமான விஷயம். பாசனத்துக்கு விடுற தண்ணிக்கு பி.எச். (புளிப்பு-காரத் தன்மை) 5.5ல இருந்து 9 வரைக்கும், கரையாம தண்ணிக்குள்ள மிதக்குற திடப்பொருள் லிட்டருக்கு 200 மில்லிகிராம், பி.ஓ.டி. (தண்ணில இருக்குற அழுகுற கழிவ தின்ன பாக்டீரியாவுக்கு வேணுங்குற ஆக்சிஜன்) 100, எண்ணெய் கிரீஸ் 10, டி.டி.எஸ். (கரைஞ்ச உப்பு) 2100, இதுக்கு மேல போகக் கூடாது. ஆத்துல விடணும்னா பி.ஓ.டி. 30தான், நிலத்துக்கு 100ன்னு இருக்குறதால நிறைய பேரு நிலம்னா ஈசின்னு நெனச்சுக்குறாங்க. அப்படி இல்லங்க. பி.ஓ.டி.ய பாக்டீரியா தின்னு குறைச்சிடும், உப்ப எதுவும் தின்னாது, எவ்வளவு ஏரேட் பண்ணாலும் டி.டி.எஸ். அப்படியேதான் இருக்கும், அது மண்ணுல தங்கி மழைக்கு கீழ இறங்கி பக்கத்து கிணத்துக்கு போயிடும். திருப்பூர் சாயத்தண்ணியால நொய்யலும் ஒரத்துப்பாளையம் டேமும் என்ன கதிக்கு ஆச்சுன்னு நமக்குத் தெரியும், 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்ற அளவுக்கு போச்சு. அதனால தோப்புல தண்ணி தேங்குதா, மண்ணு மேல வெள்ளையா பூக்குதா, ஓலை நுனி கருகுதான்னு நீங்களே அடிக்கடி போய் பாருங்க, சுத்தி இருக்குற கிணத்துத் தண்ணியையும் மழைக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணி ஃபைல்ல வைங்க. அந்தக் கிணத்துலதான் பக்கத்துக்காரங்க குடிக்கிறாங்க, மாட்டுக்கு காட்டுறாங்க.

சாம்பிள் எடுக்குறப்ப பொறுப்பான ஆளு ஒருத்தர் கண்டிப்பா கூட நிக்கணும். அதே சட்டம் 21வது பிரிவுப்படி அந்த இடத்துலயே நோட்டீஸ் குடுத்துதான் எடுப்பாங்க, அப்பவே "ரெண்டா பிரிச்சு சீல் வைங்க சார்"னு நீங்க கேக்கணும், கேக்கலன்னா ஒரே பாட்டில்தான், பின்னாடி ரிசல்ட்டு தப்புன்னு வாதாட கையில ஒண்ணும் இருக்காது. சீல்ல கையெழுத்து போடுங்க, நேரத்தையும் எந்த இடத்துல எடுத்தாங்கன்னும் குறிச்சு வைங்க. பி.ஓ.டி. பாட்டில் ஐஸ் பாக்ஸ்ல போகுதான்னும் கவனிங்க.

ஸ்லட்ஜ் (சுத்தம் பண்றப்ப அடியில தங்குற சேறு) விஷயத்துல அசால்ட்டே கூடாது. 2015 ஜனவரில ராணிப்பேட்டை சிப்காட்ல தோல் கழிவு ஸ்லட்ஜ் தேக்கி வச்ச தொட்டி உடைஞ்சு 10 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. உங்க ஸ்லட்ஜ் அபாயகரக் கழிவு லிஸ்ட்ல வருதுன்னா பொதுவா 90 நாளைக்கு மேல வச்சிருக்கக் கூடாது, கூரை போட்ட சிமெண்ட் தரையில வைங்க, வெளிய அனுப்புறப்ப ஃபார்ம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவு எங்க இருந்து எங்க போகுதுன்னு காட்டுற சீட்டு) இல்லாம லாரி கேட்ட தாண்டக் கூடாது.

குறை சொல்லி நோட்டீஸ் வந்தா பதில் போடாம இழுக்காதீங்க, தண்ணீர் சட்டம் 33ஏ பிரிவுல கரண்ட்ட வெட்டச் சொல்லி உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஒவ்வொரு குறைக்கும் என்ன பண்ணீங்க, எந்த தேதில பண்ணீங்கன்னு போட்டோவோட எழுதி குடுத்து, அதுல வாரிய ஆபீஸ் சீல் வாங்கின காப்பிய கன்சென்ட் ஃபைல்லயே சேத்து வைங்க.