'வீர் வுண்டர்கிண்டர்' பார்க்கும் முன்

ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பழைய நகைச்சுவைப் படம் கேட்கும் மாணவர்களுக்கு, குர்ட் ஹோஃப்மான் 1958இல் எடுத்த இந்தப் படத்தைத்தான் சொல்வேன். தேடும்போது 'ஆரன்ட் வி வொண்டர்ஃபுல்?' என்ற ஆங்கிலத் தலைப்பிலும் தேடுங்கள்.

முதலில் நான்கு ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கைசர் (ஜெர்மன் பேரரசர்) ஆண்ட 1913, பணம் காகிதமாகிப்போன 1923, ஹிட்லர் வந்த 1933, புது மார்க் நாணயம் வந்த 1948. இந்த வரலாறு போதும்.

அப்புறம், பியானோவோடு இருவர் வந்து கதை சொல்வார்கள்: வொல்ஃப்காங் நொய்ஸ், வொல்ஃப்காங் முல்லர். பாட்டுதானே என்று பலரும் அப்போது டீ போட எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். 'பொருளாதார அதிசயம்', அதாவது போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி கண்ட வேகமான வளர்ச்சி, பற்றி இவர்கள் பாடுவதுதான் படத்திலேயே காரமான இடம். டீயை, கதாநாயகனான பத்திரிகையாளன் ஹான்ஸின் டென்மார்க் காதல் காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹான்ஸ் நல்லவன், கொஞ்சம் ரொம்பவே நல்லவன்.

கண்ணை ப்ரூனோ டிஹெஸ் மேல் வையுங்கள். ராபர்ட் கிராஃப் நடித்திருக்கிறார். சிறுவனாக இருக்கும்போதே கைசரைப் பார்த்ததாகக் கதை விடுபவன், பிறகு நாஜிக் கட்சிக்காரன், போர் முடிந்ததும் கள்ளச்சந்தை, கடைசியில் பெரிய நிறுவனத் தலைவன். ஒவ்வொரு ஆட்சியிலும் அவனுடைய உடுப்பையும் வணக்கம் வைக்கும் விதத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே பாருங்கள். எல்லாம் மாறும், யோக்கியன் என்ற முகபாவம் மட்டும் மாறாது. அவனை வில்லனாக நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது. ஊரில் மதிப்பாக வாழும் பெரிய மனிதராக நினைத்துப் பாருங்கள்.

லிஃப்ட் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். தன் பழைய கதையை எழுதிய ஹான்ஸை மிரட்டப் பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிறான் ப்ரூனோ. மிரட்டல் பலிக்காமல் கோபத்தோடு வெளியேறும்போது, லிஃப்ட் பழுது என்ற அறிவிப்பைச் சட்டை செய்யாமல் உள்ளே காலை வைக்கிறான். அங்கே லிஃப்ட் இல்லை. அதுவரை எந்த நீதிமன்றமும் அவனைத் தொடவில்லை என்பதை அந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். நொய்ஸ் 1962இல், நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் கொலையாளி யார் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தவர். அதற்கு அவருக்குத் துரோகி என்ற பட்டம் கிடைத்தது!