பத்துப் பேர் பத்து கிரேடு சொன்னால்: பாறை ரூட்டுக்கு வாக்குக் கணக்கு போடுவது எப்படி?

பாதாமியின் சிவப்பு மணற்பாறையில் ஏறி இறங்கும்போதெல்லாம் எங்கள் குழுவில் கிரேடு பற்றி, அதாவது ரூட் எவ்வளவு கடினம் என்று காட்டும் குறியீட்டைப் பற்றி, ஒரு வாக்குவாதம் கிளம்பும். கையேட்டில் 6பி என்று போட்டிருக்கும் ரூட்டை ஒருவர் 6ஏ+ என்பார், இன்னொருவர் 7ஏ என்று சத்தியம் செய்வார். கயிற்றைச் சுருட்டி முடிக்கும் வரை பேச்சு ஓயாது. சரி, எல்லோரும் சொல்வதை எழுதிவைத்துக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு சனி ஞாயிறில் முடியும் என்று நினைத்த வேலை ஒன்றரை மாதம் இழுத்தது.

ரூட் என்றால் பாறையில் ஏறும் பாதை, போல்டு என்றால் கயிற்றை மாட்டப் பாறையில் பதித்திருக்கும் ஆணி. மவுண்டன் புராஜெக்ட், தி கிராக் போன்ற பாறையேற்ற இணையதளங்களில் நீங்களே கிரேடு பதிந்தும் இருக்கலாம். அப்படிக் குவியும் வாக்குகளை ஒரே கிரேடாக ஆக்குவது எப்படி என்பதை நம் கையாலேயே செய்து பார்ப்போம்.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

கணினி விரிதாளில் ஒரு வாக்குக்கு ஒரு வரி. ரூட்டின் பெயர், ஏறியவர், தேதி, அவர் சொன்ன கிரேடு, ஏறி முடித்தாரா இல்லையா என்று ஐந்து பத்திகள் போதும். ஐந்தாவது பத்தி எதற்கு என்று தோன்றும். நானும் முதலில் அதை வைக்கவில்லை, பிறகு வாரக்கணக்கில் ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் ஒரே கூகுள் ஷீட்டைத் திறந்து பதிவது எனக்குப் பிடிக்காது. நாலு பேர் 6பி என்று எழுதியதைப் பார்த்த பிறகு ஐந்தாமவர் 6சி என்று எழுதத் தயங்குவார். தனித்தனியாகக் கேட்டு வாங்கி, என் கணினியில் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் நானே பதிகிறேன்.

படி 2: கிரேடை எண்ணாக மாற்றுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குழுவில் ஒருவர் கலிபோர்னியாவில் ஏறப் பழகியவர். தன் பழைய பதிவுகளை அமெரிக்காவில் வழங்கும் யோசெமிட்டி கிரேடு முறையில் கொடுத்தார். அதில் ஒரு ரூட்டுக்கு 5.9, 5.9, 5.10 என்று மூன்று வாக்குகள். சராசரி போட்டேன். 5.63 என்று வந்தது. மூன்று பேரும் சொன்னதைவிடச் சுலபமான ரூட்டாகிவிட்டது! சூத்திரத்தை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் தப்பு இல்லை. கடைசியில் அந்தக் கட்டத்தின் மேல் கிளிக் செய்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இருந்தது 5.1. புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் சுழிக்கு மதிப்பில்லை என்று தாள் அதைத் தூக்கிவிட்டது.

யோசெமிட்டி கிரேடு தசம எண் போலத் தெரியும், ஆனால் தசம எண் இல்லை. 1950களில் கலிபோர்னியாவின் டாக்விட்ஸ் பாறையில் இந்தப் பிரிவுகளை வகுத்தபோது 5.9-தான் உச்சம். அதைவிடக் கடினமான ரூட்டுகள் வந்தபோது 6-க்குப் போக முடியவில்லை, ஏனென்றால் 6 என்பது கருவிகளைப் பிடித்துத் தொங்கி ஏறுவதற்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் 5.10, 5.11 என்று போனார்கள். அப்புறம் அதையும் ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். ஆக, புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெறும் வரிசை எண்.

தீர்வு இரண்டு வேலை. முதலில், பதியத் தொடங்கும் முன்பே கிரேடு பத்தி முழுவதையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பதிந்த பிறகு மாற்றினால் போன சுழி திரும்ப வராது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்று சொல்ல 6-7 என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததை, தாள் ஜூலை 6 என்று தேதியாக்கியதும் எழுத்து வடிவம் இல்லாததால்தான். அடுத்து, தனித் தாளில் ஓர் அட்டவணை போடுங்கள். என்னுடையதில் 6ஏ = 10, 6ஏ+ = 11, 6பி = 12, 6பி+ = 13, 6சி = 14, 6சி+ = 15, 7ஏ = 16. அட்டவணையில் தேடி எடுக்கும் வி-லுக்அப் சூத்திரத்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கடைசி இடத்தில் 0 போட மறக்காதீர்கள், மறந்தால் வேறு வரியின் எண்ணை எடுத்துவிடக்கூடும்.

படி 3: சராசரியா, இடைநிலையா?

இடைநிலைதான், அதாவது வாக்குகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது. 6பி, 6பி, 7ஏ என்று மூன்று வாக்கு வந்தால் 12, 12, 16. சராசரி 13.3, அதாவது 6பி+. இடைநிலை 12, அதாவது 6பி. அந்த 7ஏ காரர் அன்று தூங்காமல் இரவுப் பேருந்தில் வந்தவராக இருக்கலாம். ஒருவருடைய களைப்பு எல்லோருடைய கிரேடையும் தூக்கக் கூடாது.

படி 4: வாக்கு குறைவாக இருந்தால்

இரண்டே பேர் வாக்களித்த ரூட்டில் இடைநிலை எடுத்துப் பயனில்லை, இங்கே சராசரிக்கே வர வேண்டும். கையேட்டில் இருக்கும் கிரேடை ஐந்து வாக்குகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையேடு 6பி, இரண்டு பேர் 6சி என்கிறார்கள் என்றால், ஐந்து பன்னிரண்டு 60, இரண்டு பதினான்கு 28, மொத்தம் 88. ஏழால் வகுத்தால் 12.6, அதாவது 6பி+. அதே 6சி-யை இருபது பேர் சொன்னால் 340-ஐ 25-ஆல் வகுக்க 13.6 வரும், அது 6சி. வாக்கு கூடக் கூடக் கையேட்டின் பிடி தானாகத் தளரும். ஐந்து என்பது நான் வைத்த எண்தான், உங்கள் கையேட்டின் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு வையுங்கள்.

படி 5: விழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு ரூட்டுக்கு ஆறு பேர் 6பி+ என்று ஒரே குரலில் சொன்னார்கள். எனக்குத் திருப்தி. ஆனால் அதை முயன்றவர்கள் பதினொரு பேர். ஐந்து பேர் மூன்றாவது போல்டுக்கு மேலே ஒரே இடத்தில் விழுந்து திரும்பியவர்கள், அதில் இரண்டு பேர் வேறு இடங்களில் 6சி முடித்தவர்கள். ஏறி முடிக்காத நான் எப்படி கிரேடு சொல்வது என்று கூச்சப்பட்டு யாரும் வாக்களிக்கவில்லை. அந்த ரூட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களே அவர்கள்தான் என்பது என் கருத்து. ஐந்தாவது பத்தி அவர்களுக்காக.

இதற்கு, சதுரங்க ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளிகளால் அளக்கும் ஈலோ முறை நன்றாக ஒத்துவருகிறது. ஒவ்வொரு முயற்சியையும் ஆளுக்கும் பாறைக்கும் நடந்த ஆட்டமாக நினையுங்கள். இருவருக்கும் 1500 புள்ளி என்றால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 400 புள்ளி அதிகம் உள்ளவர் 11 ஆட்டத்தில் 10 வெல்ல வேண்டும். ஓர் ஆட்டத்தில் நகரக்கூடிய உச்ச அளவை 32 என்று வைத்தால், சம பலத்தில் விழுந்தவர் 1484-க்கு இறங்குவார், ரூட் 1516-க்கு ஏறும். யாரும் கிரேடு சொல்லவே வேண்டாம், ஏறினாரா விழுந்தாரா என்பது போதும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. ஆறு மாதப் பயிற்சியில் ஆள் மாறிவிடுவார், பாறை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைக் கணக்கில் எடுக்கும் முறையை ரெமி கூலோம் 2008-இல் கோ என்ற பலகை ஆட்டத்துக்காக உருவாக்கினார். 2020-இல் டீன் ஸ்கார்ஃப் அதைப் பாறையேற்றப் பதிவுகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அந்த அளவுக்குப் போவதானால் தாளை மூடிவிட்டு பைத்தான் நிரல்மொழிக்கு வந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: ஏப்ரலில் வாங்கிய வாக்கையும் டிசம்பரில் வாங்கியதையும் ஒன்றாகச் சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் பிரித்துவைக்கிறேன். வெயிலில் விரல் வியர்த்தால் சின்னப் பிடிகள் நழுவும், அதே ரூட் அரை கிரேடு ஏறிவிடும். தேதிப் பத்தி அதற்குத்தான்.

பின்சேர்க்கை 2: வாக்குகள் இரண்டு குவியலாகப் பிரிந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் எழுதினார். என் தாளிலும் அப்படி ஒன்று இருந்தது. பாதிப் பேர் 6பி, பாதிப் பேர் 6சி+, நடுவில் ஒருவரும் இல்லை. இடைநிலையோ 6பி+ அல்லது 6சி என்று யாருமே சொல்லாத ஒன்றைத் தரும். பெயர்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த ரூட்டில் கையை நன்றாக நீட்டி எட்ட வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. உயரமானவர்கள் நின்ற இடத்திலிருந்தே அடுத்த பிடியைத் தொட்டுவிடுவார்கள். குள்ளமானவர்கள் நகம் மட்டும் நிற்கும் ஒரு விளிம்பில் காலை ஏற்றிக் குதித்துப் பிடிக்க வேண்டும். அதற்கு நான் இடைநிலை எடுப்பதில்லை. கை எட்டினால் 6பி, எட்டாவிட்டால் 6சி+ என்று இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.